சாவி திரும்பும் கணம்: சாங்கி வட்டாரமும் எஞ்சின் பழுதறியும் கலையும்

கார் எஞ்சின் கிளம்பிய இரண்டொரு வினாடியிலேயே நின்றுவிடும் பழுது, மோட்டார் வாகனத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே பட்டறைகளைச் சோதித்துவந்த ஒன்றாகும். அதன் காரணம் தலைமுறைதோறும் மாறியதென்றாலும், அதைக் கண்டறியும் தர்க்கம் மாறவில்லை. எஞ்சினைக் கிளப்ப ஒரு வழியும் ஓடவைக்க வேறொரு வழியும் அமைந்திருக்கும்போது, முதல் வழி சரியாக இயங்கி இரண்டாம் வழி அறுந்திருந்தால், எஞ்சின் உயிர்பெற்ற உடனே அடங்கிவிடும். ஆகவே, இரண்டு வழிகளும் கைமாறும் இடத்தைத் தேடுவதே இக்கலையின் அடிப்படையாக இருந்துவந்துள்ளது.

ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டபோது, உற்பத்தியின் இறுதிக் கட்டத்தில் இருந்த மாடல் டி கார் இதற்குத் தெளிவான சான்றாகும். பேட்டரி பொருத்தப்பட்ட மாடல் டி வண்டிகளை பேட்டரி மின்சாரத்தில் கிளப்பியபின், சுழலும் காந்தங்களால் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குச் சாவியை மாற்றுவது வழக்கம். அப்படி மாற்றியதும் எஞ்சின் நின்றால், மேக்னெட்டோவின் மின்முனையில் எண்ணெயோடு கலந்து படிந்த உலோகத் துகள்களையே முதலில் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூரின் சாங்கி வட்டாரத்தில் வாகனங்களின் வரலாறு ராணுவத்தோடு பிணைந்தது. ஜப்பானிய ஆட்சியின்போது அங்கிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள், எஞ்சின் கழற்றப்பட்ட லாரிச் சட்டங்களைக் கயிறு கட்டி இழுத்து விறகும் உணவுப்பொருளும் சுமந்தனர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் அவர்களது உழைப்பில் உருவான ஓடுதளமே, போருக்குப்பின் பிரிட்டிஷ் விமானப்படையின் சாங்கித் தளத்துக்கு அடித்தளமாயிற்று. சிங்கப்பூரின் பிரிட்டிஷ் தளங்களில் தமிழரும் மலையாளிகளும் உட்பட உள்ளூர் ஊழியர் பலர் பணிபுரிந்தனர். தளங்களைக் காலிசெய்யும் முடிவை 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்து, 1971 இறுதிக்குள் பெரும்பாலான படைகள் வெளியேறியபோது, அவ்வூழியருள் பலர் வேறு தொழில்களுக்குப் பெயர வேண்டியதாயிற்று.

அக்காலக் கார்களில் பரவியிருந்த பாலாஸ்ட் மின்தடை, அதே கைமாற்றத்தை மறைவாகச் செய்தது. தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் 12 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் ஓடுமாறு வடிவமைக்கப்பட்டிருந்ததால், ஓடும்போது மின்சாரம் அத்தடை வழியாகச் சென்றது; ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் அழுத்தம் இறங்கிவிடும் என்பதால், அந்நேரத்துக்கு மட்டும் தடையைத் தவிர்த்து நேராகச் சென்றது. தடை அறுந்திருந்தால், சாவியை விட்ட அக்கணமே எஞ்சின் நின்றது. பேட்டரியிலிருந்து காயிலுக்குச் சற்றுநேரம் ஒரு கம்பியை நேரடியாக இணைத்து, எஞ்சின் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனையாகும். இணைப்பு நீடித்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்ட காலத்தில், கார்பரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்து முறை பிடிக்கத் தொடங்கியிருந்தது. 1970களில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் முறையிலும், அதைத் தழுவிய ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும், உள்ளே இழுக்கப்படும் காற்றை ஒரு மடல் அளந்தது. மடல் அசைந்தால் மட்டுமே ஒரு மின்தொடர்பு மூடி, பெட்ரோல் பம்பை ஓடவைத்தது. கிளப்பும்போது பம்புக்கு ஸ்டார்ட்டர் சுற்றிலிருந்து மின்சாரம் கிடைத்ததால், அத்தொடர்பு கெட்டிருந்தால் பழைய பழுதே புது வடிவில் திரும்பியது. காற்று வடிகட்டியைத் திறந்து, சாவியைப் போட்டு, மடலை விரலால் தள்ளினால், நல்ல வண்டியில் பம்பின் முனகல் கேட்கும். கேட்காவிட்டால் தேட வேண்டிய இடம் தெளிவாகிவிடும்.

பிற்காலக் கார்களில் சாவிக்குள் இருக்கும் சில்லை அடையாளம் காணாத திருட்டுத் தடுப்புக் கருவி, சில வகை வண்டிகளில் எஞ்சினை ஓரிரு வினாடி ஓடவிட்டு எரிபொருளை நிறுத்துகிறது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலில் கரி படிந்திருந்தால், அது கிளம்புவதற்கான கூடுதல் காற்று குறைந்ததும் எஞ்சினை மூச்சுமுட்டச் செய்கிறது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களில் 2001 முதலும் கட்டாயமான, வண்டி தன் பழுதைத் தானே அறியும் முறை, பழுதுக் குறியீடுகளை ஸ்கேனரில் காட்டுகிறது. எனினும் குறியீடு ஒரு தடயமே அன்றித் தீர்ப்பன்று. எந்தக் கைமாற்றம் தவறியது என்று கேட்கத் தெரியாதவர், குறியீடு சுட்டிய உறுப்பை மாற்றிவிட்டு அதே பழுதோடு நிற்பார்.

வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, சிங்கப்பூரில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு காரை வைத்திருக்கப் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், பழைய வண்டிகள் சாலையைவிட்டு விரைவில் மறைகின்றன. அவற்றோடு பாலாஸ்ட் தடையையும் காற்று மடலையும் கையால் சோதித்த அறிவும் மறைகிறது. விமானத் தளங்களின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு, அவற்றின் வாகனங்களை ஓடவைத்த கைகளின் வரலாறு எழுதப்படவில்லை. மூத்த மெக்கானிக்குகளிடம் இன்னும் எஞ்சியிருக்கும் அச்சோதனை முறைகளைக் கேட்டுப் பதிவுசெய்வது, பழம்பெருமைக்காக மட்டுமன்றி, நாளைய எஞ்சின்களின் பழுதையும் வரிசையாகச் சிந்தித்து அறியப் பழகுவதற்காகவும் செய்யப்பட வேண்டிய பணியாகும்.