99.19 சதவீதமும் தாத்தாவின் ரேடியோவும்

எங்க தாத்தா அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று கிடைத்தது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

பாட்டியிடம் காட்டினேன். "காசு கட்டினது டெல்லிக்கு, கேட்டுக்கினு இருந்தது சிலோனு" என்று சிரித்தார்.

பாட்டி விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நடந்தது. சென்னையில் முதலில் ஒலிபரப்பியது அரசு இல்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப். பணமில்லாமல் அது நின்றுபோக, 1930இல் மாநகராட்சி கையில் எடுத்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டே திருச்சி.

சென்னையிலிருந்து அரக்கோணம் எழுபது கிலோமீட்டர்தான். அலை எட்டுவதில் எங்களுக்குக் குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்கள் காதைச் சாஸ்திரிய சங்கீதத்துக்குப் பழக்க நினைத்துச் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். தயாரிப்பாளர்களும் ஒலிபரப்பு உரிமையைக் கொடுக்க மறுத்தார்கள். ஜனங்கள் சண்டை போடவில்லை, முள்ளைத் திருப்பி சிலோனில் வைத்தார்கள். அரசு இறங்கி வந்து 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. பழகிய காது உடனே திரும்பிவிடுமா? எழுபதுகளிலும் எங்கள் வீட்டில் சிலோன்தான்.

ஆனால் இதே வானொலி, கேட்பவருக்கு வேண்டியதைச் சொன்னபோது நடந்ததும் உண்டு. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லை எப்படிப் பயிரிடுவது என்று விவசாயிகளுக்கு விளக்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது.

எங்கள் லைனிலும் அதே கதைதான். பாட்டி சொல்வார்: பக்கத்து வீட்டு ரேணிகுண்டாக்காரருக்குத் தெலுங்குச் செய்தி கேட்காமல் சோறு இறங்காதாம். தாத்தாவோடு வேலை பார்த்த வாணியம்பாடிக்காரர் ராத்திரியானால் உருது சர்வீஸைத் தேடுவாராம். அவரவர் பாஷைக்கு ஒரு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் முள் டெல்லி பக்கம் வரும்.

23 மொழிகள், 179 வட்டார வழக்குகள், நாட்டின் 92 சதவீதப் பரப்பு, 99.19 சதவீத மக்கள் என்பது ஆகாசவாணி சொல்லும் கணக்கு. அலை எங்கெல்லாம் விழுகிறது என்பது இதில் தெரியும். எந்த வீட்டில் எந்த முள் எங்கே நின்றது என்பது தெரியாது. மொழிகளின் எண்ணிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 99.19ஐ டிரான்ஸ்மிட்டர் கொடுத்துவிடும், யாருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் என் போனில் ஆகாசவாணியின் ஆப்பைப் போட்டு, அத்தனை நிலையங்களையும் பாட்டிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல சிலோன் வருமா?"