பனித்தளத்தில் பெண்களுக்குக் கிடைத்த நாழிகை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே நீளும் தொழிற்சாலைப் பிரதேசத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு ராயல் என்ஃபீல்ட் என்ற பெயரை அறிமுகம் செய்ய வேண்டிய அவசியமில்லை. எல்லைக் காவலுக்காக ராணுவம் கேட்ட புல்லட் வண்டிகளைச் சென்னையிலேயே பூட்டித் தருவதற்கென்று 1955-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் தொடங்கிய அந்த உற்பத்தி, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் விரிவடைந்தது. இங்கே உருவாகும் வண்டிகள் நம் சித்திரை வெயிலைப் பின்னே விட்டு லடாக்கின் கணவாய்களில் ஏறுவது இன்று சர்வசாதாரணமான காட்சி. ஆனால் அதே மலைநாட்டில், கோடைப் பிரயாணிகள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்ட பிறகு, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து இருபது டிகிரி குளிரில் நடைபெறும் ஒரு விளையாட்டுக்கும் இந்த ஸ்தாபனம் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது என்பதும், 2024-ஆம் ஆண்டில் லே நகரத்தில் ஆரம்பமான அந்த ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடவருக்கு ஒரு பிரிவும் மகளிருக்கு ஒரு பிரிவும் உண்டு என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள். அந்த மகளிர் லீக் பிறப்பதற்கு முன்னால் எப்படிப்பட்ட வருஷங்கள் கழிந்தன என்பதே இந்த வாரத்து விஷயம்.

விளையாட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக வீரர்களையும் வெற்றிகளையும் கொண்டே எழுதுவார்கள். மகளிர் ஐஸ் ஹாக்கியை அப்படி எழுதினால் அதில் பாதி விளங்காமலே போய்விடும் என்பது என் திடமான அபிப்பிராயம். கபடிக்கு ஒரு களம் போதும். கால்பந்துக்கு ஒரு பொட்டல் போதும். ஐஸ் ஹாக்கிக்கோ ஏறக்குறைய அறுபது மீட்டர் நீளத்துக்குச் சமமாக உறைந்த பனிக்கட்டி வேண்டும். அவ்வளவு அபூர்வமான பொருள் ஓர் ஊரில் ஒன்றே ஒன்று இருக்குமானால், அதை முதலில் அனுபவிக்கிறவர் யார், அவர்கள் ஓய்ந்த பிறகு மிச்சத்தில் ஆடுகிறவர் யார் என்ற கேள்வி எழாமல் இராது. உலகத்தில் எங்கே பார்த்தாலும் அந்த மிச்ச நேரத்தில் ஆடியவர்கள் பெண்களாகவே இருந்திருக்கிறார்கள். பனித்தளத்தின் மேல் தங்களுக்கென்று ஒரு நாழிகையைப் பெறுவதற்காக அவர்கள் செய்த பிரயாசையே இந்த ஆட்டத்தின் மெய்யான சரித்திரம்.

லடாக்கில் ஐஸ் ஹாக்கியை வேரூன்றச் செய்தவர்கள் ராணுவத்தினர். 1970-களில், உறைந்த குளங்களின் மேல் குளிர்காலப் பொழுதைப் போக்குவதற்காக அவர்கள் ஆடிய ஆட்டம், லே நகரின் இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. ஸ்கேட் வாங்க வழியில்லாதவர்கள் பழைய ராணுவப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டை ஆணியடித்துப் பொருத்திக்கொண்டு சறுக்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நகரத்தில் கர்ஸு என்னும் குளமே நெடுங்காலம் பிரதானமான ஆடுகளமாக இருந்தது. குளமில்லாத கிராமங்களில், நாம் வயலுக்கு வரப்புக் கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல, நிலத்தைச் சமன்படுத்திச் சுற்றிலும் கரை எழுப்பி, இரவு நேரங்களில் சிறிது சிறிதாக நீர் விட்டு, ஒரு படலம் உறைந்த பின் அதன்மேல் மற்றொரு படலமாக உறையவைத்துத் தளம் அமைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டாலும் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, ஏறத்தாழ இரண்டு மாதந்தான் அது நிலைக்கும். அந்த இரண்டு மாதத்திலும் நண்பகல் வெயிலில் மேற்பரப்பு இளகிவிடுமாதலால், நல்ல ஆட்டத்துக்கு உகந்தவை காலைப் பொழுதும் மாலைக்குப் பிந்திய பொழுதுமே. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ஆண்களின் அணிகள் முடித்த பிறகு வா என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தையின் முழுப் பாரமும் நமக்குப் புரியும்.

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-ல் சர்வதேச சம்மேளனத்தில் சேர்ந்தது. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தியா என்ற பெயரில் ஒரு மகளிர் அணி சர்வதேசப் போட்டியில் இறங்கவில்லை. அதற்குள் லடாக்கில் அண்ணன் தம்பிமார் ஆடுவதைப் பார்த்துப் பழகி, அவர்களுடைய ஸ்கேட்டையும் மட்டையையும் இரவல் வாங்கிக்கொண்டு பனியில் இறங்கிய பெண்களின் ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. கால் அளவுக்குப் பொருந்தாத ஸ்கேட், உடம்புக்குப் பெரிதான கவசம், ஒருத்தி ஆடி முடித்துக் கழற்றித் தர அடுத்தவள் அணிந்துகொள்ளும் தலைக்கவசம் என்று இருந்த நிலைமையைச் சீர்செய்யவும், தங்களுக்கென்று பயிற்சி முகாம்கள் நடத்திக்கொள்ளவும், லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அவர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். யாராவது வந்து வாய்ப்பளிப்பார்கள் என்று காத்திராமல், ஆடுகிறவர்களே நிர்வாகிகளாகவும் இளையவர்களுக்கு ஆசிரியைகளாகவும் ஆனதை இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பகுதியாக நான் கருதுகிறேன்.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைப் பந்தயத்துக்கு இந்தியாவின் முதல் மகளிர் அணி சென்றது. அணியில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். பிரயாணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. குளத்துப் பனியிலும் திறந்த வெளியிலும் ஆடிப் பழகியவர்களுக்கு, கூரையின் கீழ் இயந்திரத்தால் உறையவைத்த பளிங்கு போன்ற தளம் வேறோர் உலகமாக இருந்திருக்க வேண்டும். சறுக்கலின் வேகம் வேறு, பக் என்னும் ரப்பர் வட்டு ஓடும் வேகம் வேறு, தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் அது மோதித் திரும்பும் கணக்கும் வேறு. அந்த ஆண்டில் அவர்களுக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை. ஆனால் ஒரே வருஷம் கழித்து, 2017-ல் பாங்காக்கில் நடந்த பந்தயத்தில், பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கோல் கணக்கில் வென்று தங்கள் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றார்கள். ஆட்டம் முடிந்து தேசிய கீதம் ஒலித்தபோது அவர்கள் கண்ணீர் விட்டதைப் பத்திரிகைகள் எழுதின. வருஷத்தில் இரண்டு மாதமே பனியைக் காண்பவர்கள், வருஷம் முழுவதும் பனித்தளம் திறந்திருக்கும் நகரங்களிலிருந்து வந்த எதிரிகளை வெல்லுவது எத்தகைய சாதனை என்பதை அந்தக் கோல் கணக்கு மட்டும் சொல்லிவிடாது.

அந்த அணியின் கோல் காப்பாளரான நூர் ஜஹான், தொழிலால் புராதன கலைப்பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணர். மடாலயங்களின் சுவரோவியங்களும், தங்கா என்னும் துணிச் சித்திரங்களும் அழிந்துபோகாமல் செப்பனிடுவது அவருடைய ஜீவனோபாயம். இந்த விவரத்தை ஒரு விநோதத்துக்காக நான் இங்கே சேர்க்கவில்லை. தேசத்தின் பிரதிநிதியாக ஆடியவர்களுக்கு ஆட்டத்தால் ஊதியமில்லை, வயிற்றுப்பாட்டுக்கு வேறொரு வேலை அவசியமாயிற்று என்ற நிலைமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை. 2018 ஜனவரியில், கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்ற ஹேலி விக்கன்ஹைசர் லே நகருக்கே வந்து இந்தப் பெண்களுடன் ஆடிப் பயிற்சி அளித்ததும், அதே ஆண்டின் நவம்பரில் கால்கரி நகரத்தில் தாம் நடத்தும் மகளிர் விழாவுக்கு அவர்களை வரவழைத்ததும் அந்நாளைய பெரிய சம்பவங்கள்.

ஊதியம் என்ற இந்த விஷயத்தில், ஐஸ் ஹாக்கியைத் தேசிய விளையாட்டாகப் போற்றும் நாடுகளின் நிலை மேலாக இருந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படியில்லை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபுவின் குமாரி இஸபெல், 1890-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே ஒட்டாவாவில் தம் இல்லத்துப் பனித்தளத்தில் மட்டை பிடித்தவர். எனினும் மகளிர் உலகச் சாம்பியன் போட்டி 1990-லும், ஒலிம்பிக்கில் மகளிர் பிரிவு 1998-ல் நாகானோவிலுந்தான் வந்தன. ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் என்ற பெயரில் ஒரு தொகையைக் கொடுத்த முதல் வட அமெரிக்க லீக், 2015-ல் பாஸ்டன், பஃபலோ, கனெக்டிகட், நியூயார்க் என்ற நான்கு அணிகளோடு தோன்றி, தன் கோப்பைக்கு இஸபெலின் பெயரையே சூட்டிற்று. ஒருத்திக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர். இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே, 2016 நவம்பரில், அந்தச் சம்பளமும் வெட்டப்பட்டது. கனடாவில் 2007 முதல் நடந்துவந்த மற்றொரு லீக் 2019-ல் மூடப்பட்டபோது, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரிகள் இருநூறு பேருக்கு மேல், தக்க வசதிகள் ஏற்படும்வரை வட அமெரிக்காவின் எந்த லீக்கிலும் ஆடுவதில்லை என்று கூட்டாக அறிவித்தார்கள். ஆட்டத்தையே உயிராக நினைத்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவைத்த இந்தச் செய்கையை வேலை நிறுத்தத்தின் உத்தமமான உதாரணங்களுள் ஒன்றாக வைக்கலாம். அதன் பலனாக உருவான தொழில்முறை மகளிர் ஹாக்கி லீக், ஆறு அணிகளோடும், முப்பத்தையாயிரம் டாலர் குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதிசெய்த தொழிலாளர் ஒப்பந்தத்தோடும், 2024 ஜனவரி முதல் தேதி டொராண்டோவில் தொடங்கியது. அன்று நியூயார்க் அணி 4-0 என்று வென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 20-ல் மாண்ட்ரியலில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க 21,105 பேர் கூடினார்கள்.

டொராண்டோவின் லீக்கும் லேயின் லீக்கும் 2024 என்ற ஒரே வருஷத்தில் பிறந்தவை என்பது வரலாற்றில் அமைந்த ஒரு பொருத்தம். ஒன்று தொழிற்சங்க உடன்படிக்கையின் மேல் நிற்பது. மற்றொன்று இன்னும் சம்பளம் என்ற கட்டத்தை எட்டாதது. ஆனாலும் லேயின் பெண்களுக்கு அது அளித்தது சாமானியமானதல்ல. முன்கூட்டி அச்சிட்ட ஆட்ட அட்டவணையில் மகளிர் ஆட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட ஒரு மணி இருக்குமானால், அந்த மணியில் தளத்தை விட்டு விலகி நிற்க வேண்டியவர்கள் மற்றவர்களே. அதே வருஷம் பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிப் பந்தயங்களும் லே நகரத்தில் நடந்து, மகளிர் ஐஸ் ஹாக்கி அவற்றுள் இடம்பெற்றது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை மகளிர் அணி ஒன்றைப் பராமரித்து வருவதால், சில பெண்களுக்கு ஹாக்கி மட்டையே நிரந்தர உத்தியோகத்துக்கு வழிகாட்டியது. ஸ்கேட்டோடு சம்பளமும் வேண்டுமென்றால் சீருடை அணிந்தாக வேண்டும் என்பதே இன்றுள்ள நிலை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சீருடையை விரும்பாத பெண்ணுக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

இயற்கைப் பனியை நம்பியிருப்பதன் ஆபத்து வருஷத்துக்கு வருஷம் தெளிவாகிவருகிறது. குளிர்காலம் சூடேறி, பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் இளகுமானால் முதலில் சுருங்குவது இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டவர்களின் நேரந்தான். ஆகையால் லேயில் நவாங் தோர்ஜே ஸ்தோப்தான் பெயரால் விளங்கும் என்.டி.எஸ். விளையாட்டரங்கத்தில் குளிரூட்டும் இயந்திரத்தோடு கூடிய தளம் அமைந்ததை, அணிகளுக்கு இடையே நடந்த எந்தப் பந்தயத்தைக் காட்டிலும் பெரிய வெற்றியாக நான் மதிக்கிறேன். 2025-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரத்தில் தொடங்கிய மகளிர் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. இந்த ஆட்டத்தில் நம் மகளிர் வென்ற முதல் பதக்கம் அது. பாலைவனத்து நகரம் ஒன்றில், இயந்திரம் உறையவைத்த பனியின் மேல் கிடைத்தது.

லடாக்கின் நிர்வாகமும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து வகுத்திருக்கும் திட்டம் 2042-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கை இலக்காகக் கொண்டது. லீக்கின் முதல் வருஷத்தில் ஆறு வயதில் ஸ்கேட் கட்டத் தொடங்கிய சிறுமிக்கு அப்போது இருபத்து நான்கு வயதாகும்.