தட்டணுவிலிருந்து முகத்துக்கு: பி.ஆர்.பி. வரலாற்றில் ஒரு விடுபாடு

நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்து முகச் சுருக்கங்களில் ஊசியாகச் செலுத்தும் பி.ஆர்.பி. சிகிச்சையின் வரலாற்றை, மியாமியின் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸிடமிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1998இல் 88 தாடை எலும்பு ஒட்டுகளை ஆராய்ந்த அவர், தட்டணுச் செறிவை இயல்பின் 338 விழுக்காட்டுக்கு உயர்த்திப் பயன்படுத்தினார். மஜ்ஜை உயிரணுக்களில் வளர்ச்சிக் காரணிகளுக்கான ஏற்பிகள் உள்ளதையும் காட்டினார். 2001இல் எது பி.ஆர்.பி., எது அல்ல என்று வரையறுத்து, மைக்ரோ லிட்டருக்கு 10 லட்சம் தட்டணு என்ற அளவை முன்வைத்தார். தயாரிப்பை ஒழுங்குபடுத்த அந்த அளவு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வரையறையையே வரலாறாக வாசிக்கும்போது கோளாறு நேர்கிறது. மார்க்ஸின் சான்று எலும்பு மஜ்ஜையைப் பற்றியது. முகச் சுருக்கச் சிகிச்சை நம்பியிருப்பதோ தோலில் கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டை. தட்டணுக்கள் ஃபைப்ரோபிளாஸ்ட் பெருக்கத்தைத் தூண்டுகின்றன என்று கோலரும் லிப்டனும் 1974லேயே காட்டியிருந்தார்கள்.

இந்த வாசிப்பில் விடுபட்டுப்போவது, மின்னசோட்டாவில் டேவிட் நைட்டன் குழுவினர் செய்து 1986இல் 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழில் வெளியிட்ட ஆய்வு. ஆறாத புண்களுடைய 49 பேர், 95 புண்கள். வழக்கமான சிகிச்சையில் சராசரியாக 198 வாரங்கள் கழிந்திருந்தன. நைட்டன் தட்டணுக்களை த்ராம்பினால் தூண்டி, அவை வெளியிட்ட காரணிகளை மட்டும் பிரித்தெடுத்துப் புண்ணில் இட்டார். அதாவது புண்ணில் இட்ட மருந்தில் தட்டணுவே இல்லை. மார்க்ஸின் எண்ணிக்கை அளவுகோலில் இது பி.ஆர்.பி. ஆகாது, அதனாலேயே பல வரலாறுகள் இதைத் தாண்டிப் போகின்றன. முழுமையாக ஆற சராசரி 10.6 வாரம் என்ற முடிவைவிட, அதையடுத்து வரும் குறிப்பே என் வாதத்துக்கு முக்கியமானது: கெலாய்டோ தடித்த தழும்போ உண்டாகவில்லை. புண் ஆறியதோடு நில்லாமல், ஆறிய தோல் எப்படி இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது. அழகியல் சிகிச்சையின் கேள்வியும் அதுதான்.

ஒரு வரியை இவ்வளவு தூரம் இழுக்கலாமா என்று கேட்கலாம். நைட்டனைப் படித்துவிட்டுத்தான் முக மருத்துவர்கள் ஊசியை எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புண்ணிலிருந்து முகத்துக்கான அந்த நகர்வுக்கு ஓர் ஆண்டைக் குறிப்பதும் கடினம். 2013இல் அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன், இச்சிகிச்சையின்போது இரத்தம் பூசிய தன் முகப்படத்தை வெளியிட்டது விளம்பரத்தின் தேதி, சிகிச்சை தோன்றிய தேதி அல்ல. இன்னும் வலுவான மறுப்பு, 1986 ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது. அது சரியே. 1991இல் கிரப்ஸ்கி குழுவின் சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில் பலன் தென்படவில்லை; 1992இல் அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் இச்சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தது. ஆயினும் இந்த மறுப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பலன் உண்டா என்ற வழக்கு மார்க்ஸுக்கு முன்பே தோலில் தொடங்கிவிட்டது. மார்க்ஸிலிருந்து தொடங்கும் வரலாற்றில் அந்தத் தோல்வியும் சேர்ந்தே மறைகிறது.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2018இல் வெளியான ஆய்வில் முராத் ஆலம் குழு, பங்கேற்றவர்களுக்கு ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் உப்புக் கரைசலும் செலுத்தி ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து, பி.ஆர்.பி. பக்கம் மேம்பட்டதாகச் சிகிச்சை பெற்றவர்கள் சொன்னார்கள். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மதிப்பிட்ட தோல் மருத்துவர்களுக்கோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.