கழித்தோணியும் நாகைத் துறையும்

நாகப்பட்டினத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சூடாமணி விகாரத்தில் தொடங்கி ஒல்லாந்தர் கோட்டையில் முடித்துவிடுவர். யானும் வகுப்பறையில் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் அவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமானது. அதனைக் கூறும் செப்பேடுகள் லெய்டன் நகரின் பெயரால் வழங்கலாயின. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றினர். 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தம் தலைமையிடத்தை இங்கு மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயரிடம் அதனை இழந்தனர். இவையெல்லாம் என் மாணவியர்க்கு மனப்பாடம். ஒருநாள் அவர்களுள் ஒருத்தி, “அம்மா, கப்பலில் வந்த சரக்கு கரைக்கு எப்படி வந்தது?” என்று கேட்டாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை.

அவ்வினாவே நாகை வரலாற்றின் திறவுகோல் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நாகை, பெருங்கப்பல்கள் கரையோடு அணையும் துறையன்று, நங்கூரத் துறை. கரையோரக் கடல் ஆழமற்றது. கடுவையாற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு தூர்ந்துகொண்டே இருக்கும். எனவே கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குப் படகுகளே இடைநின்று ஏற்றின, இறக்கின. நிறைபாரப் படகு திட்டைக் கடக்க நீரேற்றம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் அக்காத்திருப்பு நாள்கணக்கில் நீளும். படகுக்காரன் கையறிந்த நீரேற்றமே இத்துறையின் முதல் வசதி; கிடங்கும் சுங்கச்சாவடியும் அதற்குப் பின்னரே.

இம்முறை புதியதுமன்று. முசிறியில் மரக்கலம் கொணர்ந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரைக்குக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூற்றின் 343-ஆம் பாடல் தருகிறது. பட்டினப்பாலையில் புலிமுத்திரை பொறிக்கும் சுங்கக் காவலரைப் போற்றிப் பேசும் நாம், பரணர் காட்டும் அத்தோணியைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறோம். நம் வட்டத்துக் கவிஞர்களும் இதற்கு விலக்கல்லர் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டென நம்புகிறேன்.

கடலோடிக்கு அடையாளமும் ஒரு வசதியே. சூடாமணி விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழைய செங்கல் கோபுரம் ஒன்று, புதுவெளிக் கோபுரம் என்ற பெயரோடு 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றது. நாகைக்கு வரும் மாலுமிகள் அதனைக் குறிவைத்தே கலம் செலுத்தினர். 1867-இல் அரசின் இசைவோடு அஃது இடிக்கப்பட்டது. பௌத்தச் சின்னம் அழிந்ததென நாம் வருந்துகிறோம், வருந்த வேண்டியதே. மாலுமியின் இழப்பை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்குச் சற்று முன்னர்தான் நாகைக்கு இருப்புப்பாதை வந்திருந்தது. 1861-இல் தஞ்சைக்கும் மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் வண்டிகள் ஓடின. தென்னகத்தின் உள்நாட்டுச் சரக்கு ஒரே பாதையில் கடலைத் தொட்டது. பின்னாளில் இரயில்வே பணிமனை பொன்மலைக்குப் பெயர்ந்தபோது நாகையின் செல்வாக்கும் உடன் பெயர்ந்ததென முதியோர் கூறுவர். அதில் உண்மை உண்டு. முழு உண்மை அன்று. கப்பல்கள் பெருத்தன, ஆற்றுமுகம் பெருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஆயினும் மலாயா வணிகம் நெடுங்காலம் தொடர்ந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ நீராவிக் கப்பல் சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்று வந்தது. வெங்காய மூட்டைகளும் தோட்டத் தொழிலாளரும் ஒரே கரையிலிருந்து படகேறினர். ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றும் அக்கணமே பலருக்குத் தாய்நாட்டின் கடைசி நினைவாயிற்று. 1974-இல் அக்கப்பல் உடைக்கப்பட்டது. அதன் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985-இல் தீப்பற்றியதோடு பயணியர் போக்குவரத்து நின்றது. படகுகளுக்கும் வேலை குறைந்தது.

2023 அக்டோபர் 14 அன்று, ‘செரியபாணி’ என்னும் சிறு கப்பல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியரை ஏற்றிச் சென்றது. அதன்பொருட்டு ஆற்றுமுகத்தை முதலில் தூர்வார வேண்டியிருந்தது.