மாத்திரை: கிழக்கேகோட்டைக் களரியும் தோள் காயத்தின் சொல் வரலாறும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பழவங்காடி கணபதி கோயிலிலிருந்தும் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் சி.வி.என். களரி இருக்கிறது. காலையில் மேல்மாடத்தில் நின்று பார்த்தால், தரைமட்டத்துக்குக் கீழே வெட்டப்பட்ட மண்தளத்தில் மாணவர்கள் மெய்ப்பயற்று பழகுவது தெரியும். பயிற்சி முடிந்தபின் அதே வளாகத்தில் சிகிச்சை தொடங்குகிறது. அடிக்கவும் தடுக்கவும் கற்பிக்கும் குருக்களே மூட்டுப் பிசகையும் தசைப்பிடிப்பையும் பார்க்கிறார். உடலைப் பழக்குபவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர் என்னும் பிரிவினை அங்கே இல்லை.

இக்களரியைக் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் நிறுவினார். அவருடைய தந்தை சி.வி. நாராயணன் நாயர், கோட்டக்கல் கணாரன் குருக்களின் மாணவர். மங்கிக் கிடந்த வடக்கன் களரியை மலபாரில் மீண்டும் மேடையேற்றியவர்களுள் முதன்மையானவர். அதே 1956இல், நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கேரளத்தில் சேராமல் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மலபாரின் களரி தலைநகருக்கு வந்த ஆண்டும், அடிமுறையும் வர்மமும் வழங்கிவந்த தமிழ் ஆசான்களின் நிலம் அத்தலைநகரை விட்டுப் பிரிந்த ஆண்டும் ஒன்றே. இவ்விரண்டு மரபுகளும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் காயமுற்ற தோள் ஆசானின் கைக்கே வந்தது. அத்தோளைப் பற்றிப் பேசிய சொற்கள் மட்டும் அதன்பின் இருவேறு மாநிலங்களின் சொற்களாயின.

நான் மொழியியல் பயின்றவன், மருத்துவன் அல்லன். இப்பதிவில் நான் கேட்பது ஒரே கேள்வி: ஒரு காயத்துக்கு நாம் இடும் பெயர், அதற்குச் செய்யப்படும் சிகிச்சையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

சுசுருத சங்கிதை உடலில் 107 மர்மங்களைக் கணக்கிடுகிறது. அவற்றுள் 27 சினாயு வகையைச் சேர்ந்தவை. கழுத்துக்கும் புயத்துக்கும் இடையே உள்ள ‘அம்சம்’ என்னும் மர்மம் அவ்வகையினது. அதில் அடிபட்டால் கை விறைத்து அசையாமற்போகும் என்கிறது நூல். சினாயு என்பதை இன்று சிலர் நரம்பு என்றும், சிலர் தசைநாண் என்றும், சிலர் மூட்டுப் பிணைப்பு என்றும் பெயர்க்கின்றனர். சுசுருதர் அதற்குத் தரும் உவமை ஐயத்தைக் குறைக்கிறது. பலகைகளைக் கட்டுகளால் இறுக்கிப் பிணைத்த படகே நீரில் பாரம் தாங்கும்; உடலும் சினாயுக்களால் பிணைக்கப்பட்டிருப்பதாலேயே பாரம் தாங்குகிறது என்பது அவர் கருத்து. உணர்ச்சியைக் கடத்தும் பொருளை இவ்வுவமை குறிக்கவில்லை. சுமை தாங்கும் கட்டையே குறிக்கிறது.

தமிழில் நிலைமை வேறு. ‘நரம்பு’ என்னும் சொல் பழைய இலக்கியத்தில் யாழின் தந்தி. பிறகு அது உடலில் இழைபோல் ஓடும் எல்லாவற்றுக்கும் பெயராயிற்று: இரத்தக் குழாய், உணர்ச்சி கடத்தும் இழை, தசையை எலும்போடு கட்டும் நாண் என யாவும் நரம்பே. மலையாளத்து ‘ஞரம்பு’ம் இத்தகைய பரப்புடையதே. இழுபடுவதும் முறுக்கேறுவதும் அறுவதும் ஒன்றுபோல் தோன்றிய காலத்தில் இதில் பிழையேதும் இல்லை. ஆனால் கடந்த நூற்றாண்டில் மருத்துவத் தமிழ் ‘நரம்பு’ என்பதை மூளையோடு தொடர்புடைய இழைக்கு மட்டும் ஒதுக்கியது. தசைநாண், தசைநார் என்னும் சொற்கள் பாடநூலுக்குள் நின்றுவிட்டன. விளையாட்டுத் திடலுக்கு வந்து சேரவில்லை.

இதன் விலையை நானே கொடுத்தேன். கல்லூரியில் கைப்பந்து ஆடிய நாள்களில் வலக்கையை உயர்த்திப் பந்தை அடித்தபோது தோளில் சுருக்கென்றது. அன்று முதல் இரவில் அப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலவில்லை. திடலில் இருந்தவர்கள் “நரம்பு இழுத்துக்கொண்டது” என்றனர். மருந்துக்கடையில் அச்சொல்லையே சொன்னேன். நரம்புக்குச் சத்து மாத்திரை கிடைத்தது. நான்கு மாதம் விழுங்கினேன். பிறகு ஒரு இயன்முறை மருத்துவர், தோள் மூட்டின் உருண்டைத் தலையைச் சுற்றிச் சட்டையின் கைப்பட்டிபோல் அணைத்து நிற்கும் நான்கு தசைகளைப் படம் வரைந்து காட்டினார். அவற்றுள் மேலே செல்லும் தசையின் நாண் நைந்திருந்தது. நரம்பில் ஒரு குறையும் இல்லை. நான் தவறாகச் சொல்லவில்லை. என் பாட்டி அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அது சரியாகவே இருந்திருக்கும். சொல் அப்படியே இருக்க, கேட்பவரின் அகராதி மாறிவிட்டிருந்தது.

மேலை மருத்துவம் இக்குழப்பத்திலிருந்து தப்பியதா என்றால், இல்லை. நாண் வலிகளை நெடுங்காலம் ‘டெண்டினைட்டிஸ்’ என்றனர். ‘ஐட்டிஸ்’ என்னும் விகுதி அழற்சியைக் குறிப்பது. ஆகவே ஓய்வும் அழற்சி தணிக்கும் மருந்தும் ஸ்டீராய்டு ஊசியும் சிகிச்சையாயின. நாட்பட்ட நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதன்மையாகத் தெரிந்தது அழற்சியன்று; இழைகளின் சிதைவு. 1976இல் இத்தாலிய மருத்துவர் புத்து ‘டெண்டினோசிஸ்’ என்னும் சொல்லை முன்வைத்தார். 1998இல் மஃபுல்லி, கான், புத்து மூவரும் இக்குழப்பச் சொல்லாட்சியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கட்டுரை எழுதினர். அதே ஆண்டு சுவீடனில் ஆல்ஃபிரட்சன் குழுவினர், குதிநாண் வலியுற்ற 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு ஓய்வு தராமல் சுமை தந்தனர்: நாளொன்றுக்கு 180 முறை குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, 12 வாரம். பதினைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினர். சிறிய ஆய்வுதான். ஆனால் நைந்த நாணுக்கு அளவான பாரமே மருந்தாகலாம் என்னும் எண்ணம் அதன்பின் பரவியது.

தோளுக்கும் இத்தகைய கதை உண்டு. 1972இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நீர், தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் மேற்கை எலும்புக்கும் இடையே நாண் இடுக்கிக்கொள்வதே வலிக்குக் காரணம் என்று விளக்கினார். ‘இடுக்கு’ என்று பெயரிட்டபின், இடுக்கும் எலும்பைச் செதுக்குவது இயல்பான தீர்வாகத் தோன்றியது. அவ்வறுவை உலகெங்கும் பெருகியது. 2018இல் லான்செட் இதழ் வெளியிட்ட பிரிட்டானிய ஆய்வில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளர் பங்கேற்றனர். எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டுச் செதுக்காமல் விட்டவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2012இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்றில், இவ்வறுவைக்குக் காத்திருந்தவர்களுக்குத் தோள் நாண்களைப் படிப்படியாக வலுப்படுத்தும் பயிற்சி தரப்பட்டது. அப்பயிற்சி பெற்றவர்களுள் 20 விழுக்காட்டினரும், பொதுவான பயிற்சி பெற்றவர்களுள் 63 விழுக்காட்டினரும் பின்னர் அறுவையைத் தேர்ந்தனர். இவ்விரு ஆய்வுகளிலும் இருந்தோர் விளையாட்டு வீரர்கள் அல்லர், பொதுமக்கள். எனினும், பெயர் காரணத்தைச் சொல்வதுபோல் தோன்றிச் சிகிச்சையையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் குமரி மாவட்டத்தின் வர்ம ஏடுகளுக்குத் திரும்ப விரும்புகிறேன். அவை படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைப் பேசுகின்றன. விழுந்த அடியையும் இளக்கும் விரலின் அழுத்தத்தையும் அவை ‘மாத்திரை’ என்னும் அலகால் அளக்கின்றன: கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை. தமிழ் இலக்கணம் படித்தோர்க்கு இது பழகிய அலகு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. ஒலியின் கால அளவுக்கு வைத்த பெயரையே ஆசான்கள் உடல்மீது செலுத்தும் விசையின் அளவுக்கும் வைத்தனர். இன்று அச்சொல் மருந்துக்கடை வில்லைக்குப் பெயராகிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது மாத்திரைதான். ஆனால் விழுங்கும் மாத்திரையன்று. எவ்வளவு சுமை, எத்தனை முறை, எத்தனை நாள் என்னும் அளவு.

இதைக் கொண்டு ‘நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்’ என்று எவரும் முழங்க வேண்டா. ஏட்டின் மாத்திரை கிலோகிராமாக மாற்றக்கூடியதன்று. சுசுருதரின் படகு நாண் சிகிச்சைக்கான ஆய்வு முடிவன்று. களரி மரபிலேயே உழிச்சில் எத்தனை நாள் நடந்ததோ அத்தனை நாள் ‘நல்லிரிக்க’ என்னும் கட்டாய ஓய்வும் உண்டு. அது இன்றைய சுமைப் பயிற்சிக்கு எதிர்த்திசையில் நிற்பது. முற்றிலும் அறுந்த நாணை எந்தத் தடவலும் ஒட்டவைக்காது. விழுந்தபின் கையை உயர்த்தவே இயலாதவர் ஆசானையோ அகராதியையோ தேடாமல் உடனே எலும்பு மூட்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

நான் சொல்வது இதைவிடச் சிறியது. கிழக்கேகோட்டைக் களரி பெற்ற ஒரு வாய்ப்பைக் குமரியின் சொற்கள் பெறவில்லை. அமெரிக்கரான ஃபிலிப் ஸாரில்லி 1976 முதல் அங்கே கோவிந்தன்குட்டி நாயரிடம் பயின்று, 1998இல் களரியைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அதனால் அக்களரியின் கலைச்சொற்கள் இன்று உலக ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. தமிழ் வர்ம ஏடுகள் பல அச்சேறியுள்ளன. ஆனால் ஆசான் தோளைத் தொட்டுக்கொண்டே வாயால் சொன்ன சொற்கள் பெரும்பாலும் அச்சுக்கு வரவில்லை. மந்தமான வலி, குத்தும் வலி, இரவு வலி, கையைத் தூக்கும்போது பாதி வழியில் மட்டும் வரும் வலி ஆகியவற்றுக்கு அவர்களிடம் தனித்தனிப் பெயர் இருந்தால், அவை ‘நரம்பு’ என்னும் ஒற்றைச் சொல்லைவிட ஒரு விளையாட்டு வீரனுக்கும் அவனுடைய மருத்துவருக்கும் மிகுதியாகப் பயன்படும்.

கல்குளம், விளவங்கோடு பகுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தோள் வலிக்கு வழங்கிய சொற்கள் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். சொல்லோடு, அச்சொல்லைச் சொன்னபோது அவர்கள் தோளில் எவ்விடத்தைத் தொட்டுக் காட்டினர் என்பதையும் குறிப்பிடுங்கள். அவ்விடம் தெரியாவிட்டால், கிடைக்கும் சொல்லும் இன்னொரு ‘நரம்பு’ ஆகிவிடும்.