ஏரியின் எல்லையும் வார்டின் எல்லையும்: சென்னைத் தென்புறநகரின் ஸ்தல நிர்வாகம் பற்றி ஓர் ஆராய்ச்சி

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் எழுந்த குடியிருப்புகளில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மழைநீர் வீட்டு வாசற்படியைக் கடப்பதும், அதே தெருவில் சித்திரை வைகாசியில் ஜனங்கள் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்பதும் இப்போது செய்தியாகக்கூடக் கருதப்படுவதில்லை. இந்த நிலைமைக்குக் காரணம் சொல்லுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நகரம் ஒரு திட்டமுமின்றித் தாறுமாறாக விஸ்தரித்துவிட்டது என்பது ஒரு கட்சி. பேராசை கொண்டவர்கள் ஏரிகளை ஆக்கிரமித்தார்கள், அதன் பலனை அனுபவிக்கிறார்கள் என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இவற்றுள் எதை முழுக் காரணமாக அங்கீகரித்தாலும், பிரத்தியட்சமாகத் தெரியும் சில விஷயங்களுக்குச் சமாதானம் கிடைப்பதில்லை.

திட்டம் இல்லாமலில்லை. சென்னை ராஜதானியில் நகர அமைப்புச் சட்டம் 1920இலேயே பிறந்துவிட்டது. அதன் ஸ்தானத்தில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1970களின் நடுவில் முதலாவது முழுமைத் திட்டத்தையும், 2008இல் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டத்தையும் வெளியிட்டது. 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில், எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது விவசாயத்துக்கு என்று நிர்ணயித்துப் படத்தில் வர்ணம் தீட்டியாயிற்று. இனி ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டால், அதில் தனிமனிதனைக் காட்டிலும் அரசாங்கத்தின் பங்கே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் அமைத்த குடியிருப்புக்கு ‘ஏரித் திட்டம்’ என்பதே பெயர். விலாசத்திலேயே ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் பள்ளிக்கரணைக் கழுவெளி, 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றபோது அதில் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்தான். இவ்வாறு குறைந்துபோன பகுதியில் நகரத்தின் குப்பைக் கிடங்கும் உண்டு, அரசாங்க ஸ்தாபனங்களும் உண்டு. பட்டா, பதிவு செய்த பத்திரம், வங்கிக் கடன், சொத்துவரி ரசீது ஆகிய யாவும் கையில் இருந்தும் தண்ணீரில் நிற்கும் குடும்பத்தாரை ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பது நியாயமன்று.

என் அபிப்பிராயத்தில் மூலகாரணம் வேறு. புறநகரவாசிகள் தாங்கள் வாழும் இடத்தைப் பற்றிய தீர்மானங்கள் யாவும் முடிந்த பின்னரே அங்கு வந்து சேருகிறார்கள் என்பது ஒன்று. வந்த பிறகு அவர்களுக்கு வாய்க்கும் ஸ்தல ஸ்தாபனத்தின் எல்லை அவர்களைப் பாதிக்கும் நீரின் எல்லையோடு எவ்விடத்திலும் பொருந்துவதில்லை என்பது மற்றொன்று. முதலாவது காலத்தைப் பற்றிய குறை; இரண்டாவது இடத்தைப் பற்றிய குறை. இவ்விரண்டும் நீடிக்கும்வரை, எத்தனை திட்டங்கள் தீட்டினாலும் ஆக்கிரமிப்பை எவ்வளவு கடுமையாகத் தண்டித்தாலும் பெரும் பிரயோஜனம் ஏற்படாது.

முழுமைத் திட்டத்தின் வரைவு பிரசுரமாகும்போது, இரண்டு மாதத்துக்குக் குறையாத ஓர் அவகாசம் அளித்து ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நல்ல விதிதான், ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஆட்சேபம் சொல்லக்கூடியவர் யார்? நிலம் வைத்திருக்கும் விவசாயியும், அதை வாங்கி மனைப்பிரிவு போட உத்தேசித்திருக்கும் வியாபாரியும். பதினைந்து வருஷம் கழித்து அந்த நிலத்தில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டப்போகிற ரயில்வே குமாஸ்தாவோ பள்ளிக்கூட ஆசிரியையோ அப்போது வேறோர் ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த நிலம் எவ்வாறு இருக்கும் என்பதை அவர்கள் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அவர்களுக்கு நிலத்தைக் காட்டுகிறவர் கோடைகாலத்தில்தான் காட்டுவார். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற முத்திரையோடு விற்கப்பட்ட மனைகளில், தெருவின் அகலமும் வாய்க்காலின் போக்கும் திட்ட அதிகாரிகளின் பார்வைக்கே வராமல் தீர்மானமாகிவிட்டன. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பது வாங்கினவருக்குத் தெரிய வருவதற்குள் வீடும் எழுந்துவிடும், மின் இணைப்பும் வந்துவிடும்.

இதன் விளைவாக, அரசாங்கத்துக்கும் புறநகரவாசிக்கும் இடையே நகர அமைப்பைப் பற்றி நடைபெறும் ஒரே சம்பாஷணை வரன்முறைப்படுத்துதல் என்பதாகிவிட்டது. அனுமதியின்றிக் கட்டிய கட்டடங்களுக்காக 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு நுழைந்தது. பின்னர் 113-சி வந்தது. அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017இல் மனைகளுக்கான வரன்முறை விதிகள் பிறந்தன. ஒவ்வொரு தடவையும் கேட்கப்படும் கேள்வி, எவ்வளவு கட்டணம், எந்தத் தேதிக்கு முற்பட்டது என்பவையே. அந்த மனை வழியாக நீர் எங்கே போகவேண்டும் என்பதன்று. திறந்தவெளி ஒதுக்கீட்டின் கதையும் இதுவே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அதற்குக் கீழே 3,000 சதுர மீட்டர்வரை உள்ளதில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். பணம் கட்டிய மனைப்பிரிவில் குழந்தைகள் விளையாட இடமும் இல்லை, மழைநீர் தங்க இடமும் இல்லை; கஜானாவில் இருக்கும் ரூபாய் நீரை உறிஞ்சாது.

இனி இடத்தைப் பற்றிய குறையை ஆராய்வோம். சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலத்துக்கும், அதன்பின் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கும், கடைசியில் ஒக்கியம் மடுவு மார்க்கமாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் கழிமுகத்துக்கும் செல்லுவது இயற்கையும் முன்னோரின் கைத்திறனும் சேர்ந்து அமைத்த ஒழுங்கு. பத்தாண்டுகளுக்கு முன் இந்தச் சங்கிலியின் வழியே நடந்து வந்திருந்தால், ஒரு பேரூராட்சியில் புறப்பட்டு, செம்பாக்கத்தைக் கடந்து, ஒரு கிராம ஊராட்சியிலும் பல்லாவரம் நகராட்சியிலும் புகுந்து, மாநகராட்சியில் வந்து முடிந்திருப்போம். ஏரிகளின் கரையும் மதகும் 2021 வரை பெரும்பாலும் பொதுப்பணித்துறையின் வசம் இருந்தன. தெருவின் வடிகால் ஸ்தல ஸ்தாபனத்தின் வசம். இரண்டையும் குறுக்கே வெட்டிச் செல்லும் பெருஞ்சாலை நெடுஞ்சாலைத்துறையின் வசம். பல்லாவரம் பெரிய ஏரியை இரு கூறாக்கிக்கொண்டு துரைப்பாக்கத்துக்கு ஓடும் ரேடியல் சாலையில் நின்று பார்ப்பவருக்கு இந்த அதிகாரப் பங்கீட்டைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

மேலூர்க்காரர் தம் தெருவில் வடிகால் கட்டிக்கொள்வது அவருடைய ஸ்தாபனத்தின் சாதனை; அந்த வடிகால் விரைந்து கொண்டுவரும் நீர் கீழூர்க்காரரின் வீட்டில் புகுவது வேறொரு ஸ்தாபனத்தின் துயரம். வாக்கு மேலூரில் கிடைக்கிறது, வெள்ளம் கீழூரில் நிற்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதியன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்து, அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, துன்பம் ஒன்றாகவும் நிர்வாகம் பலவாகவும் இருந்ததை அங்கிருந்தோர் அனுபவித்தார்கள். 2019இல் செங்கல்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்ததும், ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்துள்ள அவ்விரண்டு ஊர்களும் இரு ஜில்லாக்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதற்குப் பரிகாரமாக அரசாங்கம் பின்பற்றி வருவது இணைப்பு. 2011இல் 42 ஸ்தல ஸ்தாபனங்களைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராயிற்று. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் கூடித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. சிட்லபாக்கமும் செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் அதில் ஒன்றாயின. ஆனால் நன்மங்கலம் ஊராட்சியாகவே நின்றது. நாராயணபுரமோ முன்னரே சென்னையில் சேர்ந்துவிட்டது. இணைப்பின் கோடு வருமானத்தையும் ஜனத்தொகையையும் பார்த்துப் போடப்பட்டதேயன்றி ஏரித்தொடரைப் பார்த்துப் போடப்பட்டதன்று. ஆகவே சங்கிலியின் கண்ணிகள் குறைந்தன, சங்கிலி ஒருவர் கைக்கு வரவில்லை. மேலும், பேரூராட்சித் தலைவரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப் பழகியிருந்த ஜனங்கள், இப்போது மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவராயினர்.

சிறிய ஸ்தாபனத்தால் பெரிய காரியம் ஆகாது என்ற வாதத்துக்கு ஆலந்தூரின் அனுபவம் ஒரு மறுப்பாகும். 1996ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஆர். எஸ். பாரதி தலைவராயிருந்த நகராட்சி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் செப்டிக் டாங்கையும் கழிவுநீர் லாரியையும் நம்பியிருந்த ஊரில் பாதாளச் சாக்கடை அமைக்க முனைந்து, ஜனங்களின் சம்மதத்தை முதலில் விசாரித்து அறிந்து, குடியிருப்போர் சங்கங்களின் துணையோடு வீட்டுக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் வேலை தொடங்கு முன்பே வசூலித்தது. மத்தியதர வகுப்பினருக்கு அந்தக் காலத்தில் அது சிறு தொகையன்று. ஒரு குழாய்கூடப் புதைக்கப்படாத நிலையில் அவர்கள் அதைக் கட்டியதற்கு, அவர்களுக்கு நகராட்சியின்மீது அசாதாரணமான பக்தி இருந்ததென்று நான் அனுமானிக்கவில்லை. கட்டியவர்கள் கணக்குக் கேட்கக்கூடிய தூரத்தில் வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே காரணம். அரசாங்கத்தின் நிதி நிறுவனக் கடனும் மானியமும் பின்னரே வந்து சேர்ந்தன. 2000இல் வேலை ஆரம்பமாகிச் சில ஆண்டுகளுக்குள் வீடுகளுக்கு இணைப்பும் கிடைத்தது. இந்த நகராட்சிதான் 2011இல் சென்னையோடு கரைந்தது.

எனினும் ஆலந்தூரைக் கொண்டாடுவோர் மறந்துவிடும் ஓர் அம்சம் உண்டு. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்தது ஆலந்தூரிலன்று, கழுவெளியின் ஓரத்திலுள்ள பெருங்குடியில். பெருங்குடி அப்போது தனிப் பேரூராட்சி. அங்கிருந்தவர்களுக்கு ஆலந்தூர் நகராட்சியில் வாக்கு இல்லை. சுத்திகரிப்பது குற்றமன்று, செய்யாமல் விடுவதே குற்றம். ஆனால் பணத்தைப் பற்றிய தீர்மானத்தில் அவ்வளவு சிரத்தையோடு ஜனங்களைச் சேர்த்துக்கொண்ட ஓர் ஏற்பாட்டுக்கு, நீரைப் பற்றிய தீர்மானத்தில் கீழூரைச் சேர்த்துக்கொள்ள அதன் அமைப்பிலேயே வழி கிடையாது. பணத்துக்குச் சிறிய எல்லையும் நீருக்குப் பெரிய எல்லையும் வேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் அடக்க முயலுவதுதான் நம் ஸ்தல நிர்வாகத்தின் பிடிவாதமான பிழை.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளின் கடமைகளுக்கென வகுத்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதலிடம் நகர அமைப்புக்கே தரப்பட்டிருக்கிறது. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாதோர், ஸ்தல ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென்று அதே திருத்தம் கூறுகிறது. நடைமுறையிலோ திட்டத்தை வகுப்பது மந்திரியைத் தலைவராகக் கொண்ட குழுமம். 2022இல் வார்டு குழு, ஏரியா சபை விதிகள் வந்து, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி சபைகள் கூடத் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சபைகளில் பேசப்படுவது தெருவிளக்கும் குப்பை வண்டியும் குடிநீர்க் குழாயுமே. வார்டின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் மனைப்பிரிவு விண்ணப்பம் அங்கே வைக்கப்படுவதில்லை.

ஆகவே நான் பிரேரேபிப்பது இதுதான்: ஒவ்வோர் ஏரித்தொடருக்கும் ஒரு குழு, அதில் தொடர் கடந்து செல்லும் ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஊராட்சியிலிருந்தும் பிரதிநிதிகள் இருக்கவேண்டும். தானப்பத்திரம் எழுதித் தரவேண்டிய அளவுள்ள மனைப்பிரிவு விண்ணப்பங்கள் யாவும், நிலமட்டமும் வாய்க்காலும் குறித்த வரைபடத்தோடு, அனுமதிக்கு முன் கீழூர்ச் சபைகளின் பார்வைக்கு வரவேண்டும். வரப்போகிற குடியினர் அப்போது இருக்கமாட்டார்கள்தான். ஆயினும் அந்நீரைச் சுமக்கப்போகும் கீழூரார் இருப்பார்கள், அவர்களுடைய சுயநலமே புதியவர்களுக்கும் ஓரளவு காப்பாக அமையும். தாமதமாகும் என்று மனை வியாபாரிகள் ஆட்சேபிப்பார்கள். 1998இல் தொடங்கிய வரன்முறை விவகாரம் இன்னும் முடிந்தபாடில்லை என்பதை நோக்க, முன்கூட்டி ஆகும் சில மாதத் தாமதத்தை நான் பெரிதாகக் கருதவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கங்கள். அவற்றில் வாடகைக்காரரின் குரல் மெலிந்தது, ஏழையின் குரல் அதனினும் மெலிந்தது. அதிகாரத்தைக் கையில் கொடுத்தால், தாங்கள் நுழைந்த கதவைத் தங்களுக்குப் பின் சாத்திவிடுவார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டு நிரப்பிய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இதே கழுவெளியைச் சுற்றி இருக்கின்றன. பெரும்பாக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 அடுக்குமாடி வீடுகள். அத்தனையும் நெடுங்காலம் ஒரு கிராம ஊராட்சியின் வரம்பில். இவர்கள் கோடையில் மனை பார்த்து ஏமாந்தவர்களல்லர். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சந்தர்ப்பமே இவர்களுக்கு அளிக்கப்படவில்லை. ஆதலால் ஏரித்தொடர்க் குழுவில் இந்தக் குடியிருப்புகளுக்கு ஜனத்தொகை விகிதப்படி ஸ்தானம் விதியிலேயே நிர்ணயிக்கப்பட வேண்டும். நலச் சங்கத்தின் அங்கத்தினராயிருப்பது குழுவில் அமர்வதற்கு யோக்கியதையாகக் கருதப்படக் கூடாது. இந்த நிபந்தனைக்கு மற்றக் குடியிருப்பினர் இணங்குவார்களா என்பது எனக்குச் சந்தேகமே. இணங்காவிடில் குழுவை அமைக்காமலிருப்பதே மேல்.