நிறுத்துமிடத்தின் விலை: டோனல்ட் ஷூப்பின் ஆய்வுப் பணி

நகரத் திட்டமிடல் ஆய்வுகளில் நெடுஞ்சாலைகளும் இரயில் பாதைகளும் பெற்ற கவனத்தை, வாகனங்கள் அசையாது நிற்கும் இடங்கள் நெடுங்காலம் பெறவில்லை. அவ்விடங்களையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டவர் அமெரிக்க அறிஞர் டோனல்ட் ஷூப் (1938–2025). ஆய்வுக் கருத்தொன்று சட்டமாக உருப்பெறும் வரலாற்றை அவர்தம் பணிவழி ஈண்டுக் காண முற்படுகிறோம்.

யேல் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற ஷூப், 1974இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். முதலாளிகள் பணியாளர்க்கு வழங்கும் இலவச நிறுத்துமிடம், தனித்துக் காரோட்டி வருவதற்குத் தரப்படும் ஊக்கத்தொகையே என்பது அவர் கருத்து. இதன் விளைவாக 1992இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் பிறந்தது. வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடங்களை இலவசமாக அளிக்கும் குறிப்பிட்ட நிறுவனங்கள், அவ்விடத்தை வேண்டாதவர்க்கு ஈடான பணத்தை வழங்க வேண்டும் என அது விதித்தது. எட்டு நிறுவனங்களை ஷூப் ஆராய்ந்தபோது, தனித்துக் காரோட்டி வருவோர் 76 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாகக் குறைந்திருந்தமை புலனாயிற்று.

2005இல் வெளிவந்த 'இலவச நிறுத்தத்தின் உயர்விலை' எனும் பொருள்படும் நூலே அவருடைய தலையாய படைப்பு எனலாம். ஒவ்வொரு கட்டடமும் இத்தனை நிறுத்துமிடங்களைக் கொண்டிருக்க வேண்டும் எனும் விதிகள் போதிய சான்றின்றி வகுக்கப்பட்டவை என்று அந்நூல் வாதிடுகிறது. அவற்றின் செலவு வீட்டு வாடகையிலும் பொருள் விலையிலும் மறைந்து நிற்பதால், கார் இல்லாத ஏழையும் அதனைச் சுமக்கிறார். இதற்கு மாற்றாக அவர் முன்மொழிந்தவை மூன்று: ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் காலியாக இருக்குமாறு கட்டணம் விதித்தல், அவ்வருவாயை அப்பகுதிக்கே செலவிடுதல், குறைந்தபட்ச நிறுத்துமிட விதிகளை நீக்குதல்.

கட்டணம் வறியோரைத் தாக்காதா எனும் வினா இயல்பாகவே எழும். வறியோருள் பலர் கார் வைத்திருப்பதில்லை என்பதும், கட்டண வருவாய் அவர்கள் நடக்கும் தெருவுக்கே பயன்படலாம் என்பதும் ஷூப் தந்த விடை. பழைய பாசடேனா வட்டாரம் இதற்குச் சான்றாகும். அங்கு 1993இல் கட்டண மானிகள் நிறுவப்பட்டன. அவற்றின் வருவாய் அவ்வட்டாரத்திற்கே திரும்பும் என உறுதியான பின்னரே, முன்பு எதிர்த்த வணிகர்கள் இசைந்தனர்.

பஃபலோ நகரம் 2017இல் குறைந்தபட்ச விதிகளை நீக்கியது. 2022இல் கலிபோர்னியா, முதன்மைப் பொதுப்போக்குவரத்து நிலையங்களையொட்டிய பெரும்பாலான கட்டடங்களுக்கு அவற்றைத் தளர்த்தியது. பிறர் சிறிதெனக் கருதிய பொருளை நாற்பதாண்டுகளுக்கு மேலாக விடாது ஆய்ந்தமையே ஷூப்பின் வெற்றிக்கு அடிப்படை என்பது நம் துணிபு. ஆய்வுப்பொருளின் பெருமை அதன் தோற்றத்தில் இல்லை. அது யார்மீது சுமையேற்றுகிறது என்று கேட்பதில்தான் உள்ளது.